லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு வேணுமா? 1999-இல் வந்த ஒரு கார்டிடம் கேட்போம்

பங்சாரில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு தம்பி, காலேஜுக்காகப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினான். பங்சார் எல்.ஆர்.டியில் ஏறி அடுத்த ஸ்டேஷனான கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மோனோரயில் பிடித்து இம்பி வரை போய் வாங்கி வந்தது. விளம்பரத்தில் 'இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ்'. வீட்டில் திறந்தால் 'யூஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டுகிறது. "அக்கா, ஏமாத்திட்டாங்க!" என்று வந்து நின்றான்.

சிப்பில் ஏமாற்று இல்லை. ஆனால் கொடுத்த காசுக்கு அவனுக்கு முழு வேகம் கிடைக்கவில்லை. ஏன் என்று புரிய 1999-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபரில் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தது. 'உலகின் முதல் ஜிபியு' என்று விளம்பரம் செய்தார்கள். (அந்தச் சொல்லை சோனி அதற்கு முன்பே பிளேஸ்டேஷனுக்குப் பயன்படுத்திவிட்டது, அது வேறு கதை.) அதுவரை வீட்டு கம்ப்யூட்டர்களில், ஒரு முப்பரிமாணக் காட்சியில் எது எங்கே நிற்கிறது, அதில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்ற கணக்கை சிபியு போடும், கார்டு வண்ணம் மட்டும் தீட்டும். ஜீஃபோர்ஸ் அந்தக் கணக்கையும் தானே எடுத்துக்கொண்டது. வேகம் 120 மெகாஹெர்ட்ஸ். விநாடிக்கு 480 மில்லியன் புள்ளிகள் வரையும். முக்கியமாக, அதற்கென்றே 32 எம்பி மெமரி கார்டிலேயே இருந்தது.

இப்போது தம்பியின் லேப்டாப். ஐரிஸ் எக்ஸ்இ 2020-இல் இன்டெலின் 11-ஆம் தலைமுறை சிப்போடு வந்தது. தனி கார்டு கிடையாது, சிபியு இருக்கும் அதே சிப்பில் ஒரு பகுதி. உச்ச வேகத்தில் விநாடிக்கு 30 பில்லியன் புள்ளிகளுக்கு மேல் வரையும். பழைய கார்டைவிட 60 மடங்குக்கு மேல்! முழு எச்டி திரையில் விநாடிக்கு 60 படம் காட்ட சுமார் 124 மில்லியன் புள்ளிகள் போதும். அப்படியென்றால் கேம் பறக்கணுமே?

இங்கேதான் சிக்கல். புள்ளி வரைய, மெமரியிலிருந்து தகவல் வந்து சேர வேண்டும். ஜீஃபோர்ஸின் சொந்த மெமரி விநாடிக்கு சுமார் 2.7 ஜிபி கொடுத்தது. சொந்த மெமரி இல்லாத ஐரிஸ், லேப்டாப்பின் ரேமைக் கடன் வாங்குகிறது. அதே ரேமில்தான் சிபியுவும், நீங்கள் திறந்து வைத்திருக்கும் இருபது குரோம் டேப்களும். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் மாதிரி.

டிடிஆர்4-3200 ரேம் இரண்டு பலகை இருந்தால் 51.2 ஜிபி. ஒன்றே ஒன்று என்றால் 25.6. அதாவது வரையும் திறன் 60 மடங்கு ஏறியும், தகவல் வரும் பாதை 10 மடங்குகூட ஏறவில்லை. சிப்புக்குள் இருக்கும் கேஷ் மெமரி கொஞ்சம் சமாளிக்கும், முழுதாக அல்ல. ஜீஃபோர்ஸுக்கும் இதே தொல்லை இருந்தது: மெமரி ஈடுகொடுக்காமல் திணறியதால், சீக்கிரமே 4.8 ஜிபி கொடுக்கும் டிடிஆர் வடிவம் வந்தது.

ஒற்றை ரேமில் ஓடும்போது ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரைப் போடக் கூடாது என்பது இன்டெலே வைத்த விதி. அதனால்தான் தம்பியின் திரையில் 'யூஎச்டி'. சிப் அதேதான்.

உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' 2-க்கு 1 என்று இருந்தால் இன்னொரு பலகைக்கு இடமிருக்கிறது. சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் பிறகு எதுவும் செய்ய முடியாது, வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலோரன்ட், டோட்டா 2 போன்றவற்றுக்கும் அசைன்மென்ட் வீடியோவுக்கும் இரண்டு ரேமோடு ஐரிஸ் போதும் என்பது என் கருத்து. முப்பரிமாண மாடலிங் படிக்கப் போகிறீர்களா, புதிய பெரிய கேம்கள் விளையாடணுமா? அப்போ சொந்த மெமரி உள்ள தனி கார்டுக்கே காசு சேருங்கள்.

தம்பி இன்னொரு 8 ஜிபி பலகை போட்டான். மறுபடி ஆன் செய்ததும் பெயர் தானாக 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று மாறிவிட்டது. நீங்களும் போடுவதாக இருந்தால், இருக்கும் பலகையின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்: அதே டிடிஆர் வகை, அதே வேகம். புது லேப்டாப் என்றால் பின்மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்றும் முதலில் கேளுங்கள்.