முதலிடங்களின் காலம்

தமிழ்நாட்டில் ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று கேட்டால், பொதுத்தேர்வு ரிசல்ட்டைக் காட்டுவதே நெடுங்கால வழக்கம். பதினொரு ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. முறை மாறி 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. பிளஸ் டூ முதல் அணி 1980இல் தேர்வெழுதியது. 2016 வரை தேர்வு முடிவோடு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் முதல் மூன்று இடங்கள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் நாளிதழில் மாணவரின் படத்தோடு பள்ளியின் பெயரும் வரும். இடம் பிடித்தவர் மாணவர்; ஆனால் அடுத்த ஜூனில் அட்மிஷனுக்குக் கூட்டம் கூடியது பள்ளி வாசலில்.

மாவட்டப் பட்டியல் யாரை யாரோடு நிறுத்தியது என்பதற்குத் திண்டுக்கல் ஓர் எடுத்துக்காட்டு. அந்த மாவட்டம் 1985இல் மதுரையிலிருந்து பிரிந்தது. மாவட்டத்தின் வடகோடியில், வேடசந்தூரை அடுத்த மானாவாரி நிலத்தில் இருக்கும் குஜிலியம்பாறை என்ற ஊரின் பள்ளி அதன்பின் திண்டுக்கல் நகரப் பள்ளிகளோடு ஒரே பட்டியலில் நின்றது. நகரப் பள்ளி கேட்டு வருவோரில் வேண்டியவரைப் பொறுக்கிக்கொள்ளலாம். கிராமத்து அரசுப் பள்ளி வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதைப்பு, அறுப்பு நாட்களில் வருகைப் பதிவேடு மெலியும். வேடசந்தூர் வட்டார நூற்பாலைகள் பெருகியபின் படிப்பை விட்டு மில்லுக்குப் போகும் வழியும் திறந்திருந்தது. பட்டியலில் இவை எதற்கும் கட்டம் கிடையாது.

பட்டியலின் மதிப்பை உச்சத்துக்கு ஏற்றியது தேர்வுமுறையில் வந்த ஒரு மாற்றம். தொழிற்கல்லூரிகளுக்கு 1984 முதல் நடந்துவந்த நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நன்மையே. ஆனால் மருத்துவ, பொறியியல் இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே முடிவுசெய்ததால், அரை மதிப்பெண் கட்-ஆஃபுக்கும் விலை வந்துவிட்டது. அந்தச் சந்தையில் நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் செழித்தன. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப எழுதவைப்பது அங்கே பரவலாக இருந்தது. கோழிப் பண்ணைக்குப் பெயர்போன ஊர் என்பதால் அவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளிகள்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. குஜிலியம்பாறைக்கு வடக்கே, கரூரைத் தாண்டினால் நாமக்கல். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை அங்கே சேர்த்தால், இரண்டு ஆண்டு கழித்துப் பெயர் வாங்குவது அந்தப் பள்ளி. பத்து ஆண்டு படிக்கவைத்த ஊர்ப் பள்ளி அந்தக் கணக்கிலேயே வராது. இந்த முறையின் பெரிய அநீதி இதுதான்.

தேர்ச்சி விகிதமும் பார்ப்பதற்குத்தான் நடுநிலை. நாற்பது பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 97.5 சதவீதம், நானூறு பேர் எழுதும் பள்ளியில் அதே ஒருவர் தவறினால் 99.75. இரண்டு சதவீதத்துக்கு மேற்பட்ட வேறுபாடு, உண்மையில் ஒரே ஒரு மாணவர். நூறு சதவீதத்தைக் காப்பாற்ற, தேறமாட்டார் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்துவதும், டி.சி. கொடுத்து அனுப்புவதும், தனித்தேர்வராக எழுதச் சொல்வதும் சில பள்ளிகள் கண்ட குறுக்குவழி. பெயர்ப்பட்டியலில் இல்லாதவர் தோற்க முடியாது அல்லவா!

இதற்கிடையே பட்டியல் தன் பொருளைத் தானே இழந்துவந்தது. சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்தபின் 2012 முதல் பத்தாம் வகுப்புக்கு ஒரே தேர்வு. 2014இல் 500க்கு 499 வாங்கி 19 பேர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். 2015இல் அதே மதிப்பெண்ணில் 41 பேர். பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்து அதைவிட அதிகம் வாங்கியவர்கள் தனிப் பட்டியலில் இருந்தனர். அரசின் தரவரிசை தமிழை மொழிப்பாடமாகப் படித்தவர்களுக்கு மட்டுமே.

பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் கே.ஏ.செங்கோட்டையன் 2017 மே 11 அன்று, இனி முதல் மூன்று இடங்கள் அறிவிக்கப்படமாட்டா என்றார். மறுநாள் வந்த பிளஸ் டூ முடிவில் மாநில முதல்வர் என்று எவரும் இல்லை. அதே ஆண்டு நீட் தேர்வு வந்து மருத்துவ இடங்களும் பிளஸ் டூ மதிப்பெண்ணின் கையைவிட்டுப் போயின. மாவட்டவாரித் தேர்ச்சி விகிதம் மட்டும் தொடர்ந்து வெளிவந்தது. நூறு சதவீதப் பள்ளிகளின் எண்ணிக்கையும்தான்.

இத்தகைய பட்டியலின் சிக்கலை மற்ற நாடுகளும் சந்தித்தன. இங்கிலாந்து 1992 முதல் பள்ளிவாரி முடிவுகளை வெளியிட்டது. சேர்க்கையின்போது மாணவர் இருந்த நிலையைக் கணக்கில் எடுக்காத ஒப்பீடு தவறு என்ற எதிர்ப்பால், மாணவர் எவ்வளவு முன்னேறினார் என்று பார்க்கும் அளவைப் பின்னர் சேர்த்தது. வேல்ஸ் 2001இல் பட்டியலையே கைவிட்டது. ஆஸ்திரேலியா 2010இல் தொடங்கிய இணையதளம், பெற்றோரின் கல்வி, தொழில் முதலியவற்றில் ஒத்த பள்ளிகளோடு ஒப்பிட வழிசெய்தது. தமிழ்நாட்டின் பட்டியல்களில் அத்தகைய திருத்தம் வரவில்லை. பள்ளிகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைத் தமிழகம் சேர்க்கையில்தான் ஈடுசெய்யப் பார்த்தது: அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது.

விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கும் வழக்கத்தைத் தடுக்க 2017–18இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை நீக்கியது.