சிப்பாயை எடுத்துவைத்த இயந்திரம்

கப்பலூர் டோல்கேட்டிலிருந்து மதுரைப் பக்கம் சில கிலோமீட்டர் வந்தால் திருநகர். 2025-இல் பிராக் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற கிராண்ட்மாஸ்டர் அரவிந்த் சிதம்பரம் பிறந்த ஊர். நம் வீடுகளில் செஸ் பழகும் பிள்ளையிடம் பெரியவர்கள் ராணியையோ யானையையோ எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “இப்ப ஆடு” என்பார்கள். வலுவானவர் விட்டுக்கொடுத்து ஆடும் அந்த வழக்கம், எஞ்சின்கள் எனப்படும் செஸ் நிரல்களை விற்கும் உத்தியாக மாறியதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சென்ற வாரம், 1997 மே மாதம் ஐபிஎம்மின் டீப் புளூ கணினியிடம் உலக சாம்பியன் காஸ்பரோவ் 2.5–3.5 எனத் தோற்றதோடு நிறுத்தியிருந்தோம். ஐபிஎம்முக்கு அது பெரும் விளம்பரம். ஆனால் டீப் புளூ கடையில் கிடைக்கிற பொருள் அல்ல. வீட்டுக் கணினிக்கு செஸ் நிரல் எழுதி விற்றவர்கள் தங்கள் சரக்கின் வலுவை வேறு வழியில்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

அவர்களில் ஒருவர் நெதர்லாந்தின் எட் ஷ்ரோடர். அவர் எழுதிய ‘ரெபெல் 10’, 1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் நம் விஸ்வநாதன் ஆனந்தை எதிர்கொண்டது. ஆனந்த் அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாமவர். மொத்தம் எட்டு ஆட்டங்கள். ரெபெல் 5–3 என வென்றது.

இந்த 5–3-ஐ அப்படியே விழுங்கிவிடக் கூடாது. நான்கு ஆட்டங்கள் ஐந்து நிமிட பிளிட்ஸ். அவற்றில் ரெபெலுக்கு 3–1. அடுத்த இரண்டும் கால் மணி நேர ஆட்டங்கள். அங்கும் ரெபெலுக்கு 1.5–0.5. கடைசி இரண்டில் மட்டும்தான் முறையான போட்டி நேரம், நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி. அவற்றை ஆனந்த் 1.5–0.5 என வென்றார். கடிகாரம் விரட்டும்போது மனிதனின் கண்ணுக்கு ஏதாவது ஒன்று தப்பும், இயந்திரத்துக்குப் பதற்றமே கிடையாது. பலகையில் 32 காய்களும் இருந்தன. ஆனாலும் எட்டில் ஆறு ஆட்டங்களில் ஆனந்த் நேரத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆடினார் என்பேன்.

பத்து ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. சரிசமமாக ஆடினால் யார் வெல்வார் என்பதில் சந்தேகமே இல்லாமல் போக, அத்தகைய போட்டியை வேடிக்கை பார்க்கவும் ஆளில்லை. எனவே இயந்திரம் காயை எடுத்துவைக்க வேண்டியதாயிற்று. 2007 மார்ச்சில் ‘ரிப்கா’ எஞ்சின் எஸ்தோனியாவில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் யான் எல்வெஸ்டுடன் எட்டு ஆட்டங்கள் ஆடியது. எல்லாவற்றிலும் வெள்ளைக் காய்கள் ரிப்காவுக்கு. ஆனால் அதன் பக்கம் ஆட்டத்துக்கு ஒரு சிப்பாய் குறைவு, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சிப்பாய். அப்படியும் ரிப்கா 5.5–2.5. மறு ஆண்டு கிராண்ட்மாஸ்டர் வாடிம் மிலோவ், ரிப்கா சிப்பாய் குறைத்தும், சில ஆட்டங்களில் பிஷப்புக்கோ குதிரைக்கோ ஈடாக யானையை இழந்தும் ஆடிய போட்டியை 4.5–3.5 என வென்றார். சலுகையோடு கிடைத்த வெற்றிதானே என்று அதைக் குறைத்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே எத்தனை காய் தூரம் என்று அளந்து காட்டியது அந்தப் போட்டி.

2016 ஜனவரியில் ‘கொமோடோ’ எஞ்சினுடன் நான்கு சலுகை ஆட்டங்கள் ஆடிய அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா மூன்றை டிரா செய்தார், கடைசி ஆட்டத்தில் தோற்றார். இன்று ‘லீலா’ எஞ்சின் குதிரையையே எடுத்துவைத்துவிட்டு கிராண்ட்மாஸ்டர்களோடு மோதுகிறது.

திருநகரிலும் கப்பலூரிலும் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித்தரும் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கணினியோடு ஆடும்போது எஞ்சினின் நிலையைக் குறைத்து வைக்காதீர்கள். அப்போது அது நன்றாக ஆடிக்கொண்டே வந்து, திடீரென்று எந்த மனிதரும் செய்யாத பிழையைச் செய்யும். அதன் ராணியை எடுத்துவிட்டு முழு வலுவில் ஆடவிடுங்கள். பிள்ளைக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

(தொடரும்)