காம்ப்ரமைஸ்: சேர்ந்து கொடுத்த வாக்கு

"கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும், காம்ப்ரமைஸ் ஆகிடுங்க" என்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் இன்று அதன் பொருள். பிறந்தபோது அந்தச் சொல்லில் விட்டுக்கொடுத்தலே கிடையாது.

வேர் லத்தீன். 'கொம்' என்பது சேர்ந்து; 'புரோமித்தரே' என்பது வாக்குக் கொடுத்தல். வழக்காடும் இருவர் தங்களுக்குள் ஒரு நடுவரை வைத்துக்கொண்டு, அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவோம், மீறினால் தண்டம் கட்டுவோம் என்று செய்துகொண்ட உடன்பாட்டை ரோமானியர் 'கொம்புரோமிசும்' என்றனர். தீர்ப்பு நியாயமோ அநியாயமோ, வாக்குக் கொடுத்தவர் தம்மைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்று சட்ட அறிஞர் உல்பியன் எழுதினார். பிரெஞ்சுச் சட்டத்தில் 'கொம்ப்ரொமி' இன்றும் நடுவர் உடன்பாட்டைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் நடுவர் உதிர்ந்துபோய்ச் சமரசம் மட்டும் மிஞ்சியது. நம் பேச்சுக்கு வந்தது அந்த மிச்சம்தான்.

அந்தப் பழைய பொருளுக்குள் ஒரு சிக்கல் உண்டு. வாக்குக் கொடுக்காத மூன்றாமவரை நடுவர் முன் இழுத்துவர முடியாது. அதைக் காட்டும் வழக்கு ஒன்று: தெற்கு ஆஸ்திரேலியாவில் கிடங்கு ஒன்றைக் கட்டிய பாஸ்கேல் நிறுவனம், பொறியியல் ஆலோசகரான டெசராக்ட் மீது நடுவரிடம் நஷ்டஈடு கேட்டது. தவறில் இன்னொருவருக்கும் பங்குண்டு, என் பங்குக்கு மட்டுமே நான் பொறுப்பு என்றது டெசராக்ட். ஆஸ்திரேலியாவின் பங்களவுப் பொறுப்புச் சட்டங்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் எல்லாத் தரப்பையும் ஒரே வழக்கில் சேர்க்க வழியுள்ள நீதிமன்றத்தை மனத்தில் வைத்து எழுதியவை அவை. நடுவருக்கும் பொருந்துமா?

பொருந்தாது என்றது மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம். 2024 ஆகஸ்ட் 7 அன்று, நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றியது: தரப்பினர் தேர்ந்த சட்டத்தின்படியே நடுவர் தீர்க்க வேண்டும், அந்தச் சட்டத்தில் பங்களவுப் பொறுப்பும் அடக்கம்.

விளைவு எளிதானதல்ல. நஷ்டம் 100 டாலர் என்று வையுங்கள். ஆலோசகர் பங்கு 60 என்கிறார் நடுவர். மீதிக்கு மற்றவர் மீது கோர்ட்டில் தனி வழக்கு. அங்கே நீதிபதி, "இவர் பங்கு 20தான்" என்றால், 20 டாலருக்குப் பொறுப்பேற்பாரில்லை. மாறுபட்ட இரு நீதிபதிகளின் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆயினும் பெரும்பான்மை சொன்னதே சரியென்று கருதுகிறேன். நடுவரைத் தேர்ந்தெடுத்ததால் ஒருவருடைய பொறுப்பு மட்டும் கூடிவிடக் கூடாது. தனி வழக்கின் சுமை, மூன்றாமவரை உடன்பாட்டுக்கு வெளியே விட்டவர்கள் தாங்க வேண்டியது.

எனவே செய்ய வேண்டிய வேலை, ஒப்பந்தம் எழுதும்போதே தொடங்குகிறது. துணை ஆலோசகர்களையும் அதே நடுவர் விதிக்குள் கையெழுத்திட வைக்கலாம். நியூ சவுத் வேல்ஸ், மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மாநிலங்களில் பங்களவுப் பொறுப்பே வேண்டாமென்று எழுதிக்கொள்ளலாம். குயின்ஸ்லாந்தில் அதற்கு அனுமதியில்லை.