சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவி மட்டும் போதுமா?

வேலைத்தளங்களில் தீப்பாதுகாப்புப் பயிற்சி நடத்தும்போது நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "உங்களில் எத்தனை பேர் இந்தச் சிவப்புச் சிலிண்டரைக் கையால் தூக்கிப் பார்த்திருக்கிறீர்கள்?" பெரும்பாலும் ஒன்றிரண்டு கைகளே உயரும். கருவி சுவரில் இருக்கிறது, திகதி எழுதிய சீட்டும் அதில் இருக்கிறது. இயக்கத் தெரிந்தவர்தான் இல்லை.

எமது பகுதிகளில் இதைச் சிறிய குறையாக எண்ண முடியாது. 2016 ஆம் ஆண்டு கிளிநொச்சிப் பொதுச் சந்தையில் தீ பரவிப் பல கடைகள் எரிந்தபோது அந்த மாவட்டத்தில் தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. இன்றும் பல பிரதேசங்களுக்குத் தீயணைப்பு வாகனம் தொலைவிலிருந்தே வரவேண்டும். அது வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் அங்கு வேலை செய்பவர்களின் கையில்தான் இருக்கின்றன.

தீ எரிவதற்கு எரிபொருள், வெப்பம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் தேவை. ஒன்றை அகற்றினால் தீ அணையும். ஆனால் எல்லாத் தீக்கும் ஒரே மருந்து இல்லை.

கடதாசி, மரம், துணி எரிந்தால் நீர் போதும். பெற்றோல், டீசல், பெயின்ற் போன்றவற்றுக்கு நுரை அல்லது உலர் தூள் பயன்படும். மின்சாதனத்தில் தீ பற்றினால், முடிந்தால் முதலில் பிரதான ஆளியை நிறுத்தி, பின் காபனீரொட்சைட்டு அடிக்க வேண்டும். அங்கே நீர் ஊற்றுபவருக்கு மின் தாக்கலாம். பிரித்தானிய முறைப்படி வரும் சிவப்புச் சிலிண்டர்களில் கறுப்புப் பட்டை காபனீரொட்சைட்டையும், நீலம் தூளையும், வெளிர்மஞ்சள் நுரையையும் குறிக்கும்.

உணவகக் குசினிகளில் நான் வலியுறுத்துவது வேறு. தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும் நீர் கணத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசும். அடுப்பை நிறுத்தி, பொருத்தமான மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடவேண்டும். எரிவாயுக் கசிவில் தீ பிடித்தால் வால்வை மூடுவதே முதல் வேலை. வாயு வந்துகொண்டிருக்கச் சுடரை மட்டும் அணைத்தால், தேங்கும் வாயு பின்னர் வெடிக்கலாம்.

கருவியை இயக்குவது நான்கு படி. பாதுகாப்பு ஊசியை இழுங்கள். குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் குறிவையுங்கள். கைப்பிடியை அழுத்துங்கள். இடமும் வலமுமாக வீசி அடியுங்கள். இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, வெளிவாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். காபனீரொட்சைட்டுக் கருவியின் கூம்பு கடுமையாகக் குளிரும், அதைப் பிடிக்க வேண்டாம். ஆறு கிலோ தூள் கருவி ஏறத்தாழ 20 செக்கன்களில் தீர்ந்துவிடும். சுடர்களின் உச்சியைப் பார்த்து அடிப்பவர் அத்தனையையும் வீணாக்கிவிடுவார். இதை வாசித்துப் பழக முடியாது, ஒருமுறையாவது கையால் செய்ய வேண்டும்.

எப்போது விட்டுவிட்டு ஓடவேண்டும் என்பதையும் நான் அதே அளவு நேரம் கற்பிப்பேன். தீ ஒரு குப்பைக்கூடை அளவைத் தாண்டினால், புகை அறையை நிரப்பினால், வாசல் மறிபடும் போலிருந்தால், ஒரு கருவி தீர்ந்தும் அணையாவிட்டால் வெளியேறுங்கள். கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு, புகைக்குக் கீழாகக் குனிந்து செல்லுங்கள். தீயை அணைக்க முனைவதற்கு முன்பே மற்றவர்களை எச்சரித்து, 110 இற்கு அழைக்க ஒருவரை அனுப்பியிருக்க வேண்டும்.

மேற்பார்வையாளர்களுக்கும் இப்பயிற்சி கட்டாயம் என்பதற்கு பங்களாதேஷின் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையே சாட்சி. 2012 நவம்பரில் அங்கு எச்சரிக்கை மணி ஒலித்த பின்னும் தொழிலாளர்களை வேலையைத் தொடரச் சொன்னார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எமது நாட்டின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தீயின்போது தப்பும் வழிகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் புடைவைக் கடைகளின் பின்கதவை மறித்துப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

"வேலை நாள் வீணாகும்" என்று முதலாளிமார் சொல்வதுண்டு. அடிப்படைப் பயிற்சிக்கு அரை நாள் போதும். செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. மீள்நிரப்பும் திகதி நெருங்கிய கருவிகளை நிரப்ப அனுப்பும் முன், திறந்த வெளியில் ஊழியர்களிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். எப்படியும் வெறுமையாக்கி நிரப்பப்போகும் தூள்தான் அது. ஒவ்வொரு வேலைமுறையிலும் பயிற்சி பெற்ற இருவராவது இருக்கட்டும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே வெளியேறும் வழியையும் கருவி உள்ள இடத்தையும் காட்டுங்கள்.