இணையத்தில் தமிழ் எழுத்து

இணையம் மக்களின் அன்றாட வாழ்வை மாற்றியது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால், தம் மொழியின் எழுத்திலேயே படிக்கவும் எழுதவும் முடிந்த பிறகுதான் அந்த மாற்றம் சாதாரண மக்களின் வீட்டுக்குள் வருகிறது. தமிழ் அந்த நிலையை அடைய 1995 முதல் 2010 வரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

தொடக்கம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளம் ஒன்றில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே வெளியாயின. எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமியின் உழைப்பால் இது நிகழ்ந்தது. 1999இல் மறைந்த அவர் தமிழ் இணையத்தின் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளையும், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவையும் உருவாக்கினர். தொடக்கக் காலப் பணிகளில் பெரும்பங்கு அயலகத் தமிழர்களுடையது.

சிக்கல்

கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. ஆங்கிலப் பேரெழுத்து 'ஏ' என்றால் 65. இது எல்லாக் கணினிகளுக்கும் பொது. தமிழுக்கு அப்படி எல்லோரும் பின்பற்றிய பொது எண் வரிசை அப்போது இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு வரிசையை வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதத்தைப் படிக்க, பெறுபவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் பொருளற்ற குறிகளே தெரியும்.

தமிழ் இதழ்களின் தளங்கள் தத்தம் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லின. மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பயன்படுத்தும் பிரவுசிங் சென்டர் கணினியில் இது எளிதாக இல்லை. எனவே பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பினர். வெளிநாட்டில் இருக்கும் மகன் எழுதிய மின்னஞ்சலை, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தும் ஆங்கில எழுத்து அறியாத தாய் பிறரைக் கொண்டே படிக்க வேண்டியிருந்தது. எழுத்தறிவு பெற்றவரும் இணையத்தின் முன் எழுத்தறியாதவர் ஆனார்.

பொது வரிசைக்கான முயற்சிகள்

1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகள் இதை விவாதித்தன. 1999இல் தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்னும் குறியீட்டு முறைகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி 'திஸ்கி' என்னும் முறையை உருவாக்கினர். இத்தகைய பணிகளை ஒருங்கிணைக்க 2000இல் 'உத்தமம்' அமைப்பு தோன்றியது.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாக வழங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி வளர்த்த திட்டம் இது.

ஒருங்குறி

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசை என்பதே ஒருங்குறியின் அடிப்படை. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் 'க' எழுத்தின் எண் 2965. முந்தைய முறைகளில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் அது ககரமும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் தரப்படவில்லை என்ற எதிர்ப்பும் எழுந்தது. அந்தக் குறையைப் போக்க 'டேஸ்16' என்ற மாற்று முறை முன்வைக்கப்பட்டது.

எனினும் நடைமுறையில் ஒருங்குறியே பரவியது. விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழும் 'லதா' எழுத்துருவும் இடம்பெற்றன. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2005இல் ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்கும் 'நூலகம்' திட்டம் உருவானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப உதவும் 'செல்லினம்' வந்ததும் அதே ஆண்டில்தான். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அதனுடன் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்றது.

விளைவும் எச்சமும்

இன்று கைப்பேசியில் வரும் பேரக்குழந்தையின் செய்தியைப் பாட்டி தானே படிக்கிறார், விடையும் எழுதுகிறார். எந்த எழுத்துரு என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் ஒரு சொல்லைத் தட்டினால் தேடுபொறி அதைத் தேடித் தருகிறது.

ஆனால் மாற்றம் முழுமை பெறவில்லை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த சிற்றிதழ்கள், ஊர் வரலாறுகள், விழா மலர்கள் பல இன்னும் அச்சகக் கணினிகளிலும் குறுந்தகடுகளிலும் கிடக்கின்றன. தேடுபொறியின் கண்ணுக்கு அவை படுவதில்லை. அந்த எழுத்துருவும் மறைந்துபோனால் அவற்றைப் படிப்பது மேலும் கடினமாகும். பழைய குறியீட்டை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. குறுந்தகடுகள் பழுதாகும் முன் அந்தக் கோப்புகளை மாற்றிப் பொதுவில் வைப்பதே இந்த வரலாற்றில் எஞ்சியுள்ள பணி.