நீண்ட கோப்புப்பெயர்ச் சிக்கல்

நீண்ட கோப்புப்பெயர்ச் சிக்கல் என்பது, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பைப் பழைய இயங்குதளத்தில் விரிக்கும்போது, கோப்புகளின் பெயர்கள் அங்கு ஏற்கப்படும் நீளத்தை மீறுவதால் ஏற்படும் இடர்ப்பாடாகும். பெயர் துண்டிக்கப்படலாம்; விரித்தல் பாதியில் நிற்கலாம்; ஒரு கோப்பின் மீது மற்றொன்று எழுதப்பட்டு முன்னது அழியலாம். தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகள் இதற்கு எளிதில் உள்ளாகின்றன.

விண்டோஸ் இயங்குதளங்கள்

எம்எஸ்-டாஸில் கோப்புப்பெயர் 8 எழுத்துகளையும் நீட்சி 3 எழுத்துகளையும் தாண்ட இயலாது. 1995 இல் வெளியான விண்டோஸ் 95, 255 குறிகள் வரையிலான பெயர்களை ஏற்றது. ஆயினும் கோப்புறைகளையும் சேர்த்த முழுப்பாதை 260 குறிகளுக்குள் அடங்க வேண்டியிருந்தது. கோப்புறைக்குள் கோப்புறையாக அமைந்த மென்பொருள் தொகுப்புகளை விரிக்கையில் இவ்வெல்லை தடையானது. 2016 இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பொன்று இதனைத் தளர்த்தும் வசதியை அளித்தது.

டார் தொகுப்புகள்

யுனிக்ஸ் வழிவந்த டார் தொகுப்பின் பழைய வடிவம் பெயருக்கு 100 பைட்டுகளை மட்டுமே ஒதுக்கியது. 1988 ஆம் ஆண்டின் பொசிக்ஸ் தரம் கோப்புறைப் பாதைக்கு மேலும் 155 பைட்டுகளைத் தந்தது. எனினும் தனிக் கோப்பின் பெயர் 100 பைட்டுகளைத் தாண்ட முடியவில்லை. 2001 ஆம் ஆண்டின் தரம் இவ்வெல்லையை நீக்கியது.

தமிழ்ப் பெயர்கள்

யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து 1 பைட்டையும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளையும் கொள்கின்றன. உயிர்மெய் பெரும்பாலும் இரு குறிகளால் ஆனது. தஞ்சாவூர் மாவட்டத்து ஊரான "சுவாமிமலை" 5 எழுத்துகளும் 9 குறிகளும் உடையது; அதற்கு 27 பைட்டுகள் தேவை.

"சுவாமிமலை சுவாமிநாதசுவாமி கோயில் தல வரலாறு" என்னும் பெயர் 22 எழுத்துகளே கொண்டதாயினும் 118 பைட்டுகளாகும். நீண்ட பெயர்களை அறியாத பழைய டார் நிரல் முதல் 100 பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், "தல" என்பதுடன் பெயர் முடிந்து, "வரலாறு" என்பதும் கோப்பின் நீட்சியும் மறையும். அதே தொகுப்பில் "தல விருட்சம்" என முடியும் கோப்பும் இருப்பின் இரண்டும் ஒரே பெயரைப் பெறும். பின்னர் விரிக்கப்படுவது முன்னதை அழித்துவிடக்கூடும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் எல்லை 255 பைட்டுகள், அதாவது 85 தமிழ்க் குறிகள். ஆகவே விண்டோஸில் 100 தமிழ்க் குறிகளால் பெயரிட்ட கோப்பை அங்கு அதே பெயரில் விரிக்க இயலாது.

ஜிப் தொகுப்புகளில் பெயர் யூ.டி.எஃப்-8 இல் உள்ளது எனக் குறிக்கும் முறை 2006 இல் சேர்க்கப்பட்டது. அதனை அறியாத பழைய நிரல்கள் தமிழ்ப் பெயர்களைச் சிதைத்துக் காட்டும்.

தவிர்க்கும் வழிகள்

* விரிக்கும் முன் தொகுப்பின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, விரித்தபின் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுதல்.
* வட்டின் முதல் நிலையில் குறுகிய பெயருள்ள வெற்றுக் கோப்புறையில் விரித்தல்.
* கோப்புக்குக் குறுகிய பெயரிட்டு, முழுத் தலைப்பைக் கோப்பினுள் எழுதுதல். மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் எண் சார்ந்த உரோமன் பெயர்களைக் கொண்டுள்ளன. தமிழ்த் தலைப்புகள் நூலின் உள்ளே அமைகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* கோப்பு முறைமை
* ஒருங்குறி
* மதுரைத் திட்டம்