ஒற்றை நாற்காலி: ‘டாக்டர் ஹூ’ தயாரிப்பாளரின் வேலைநாளும் அதன் மாற்றங்களும்

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடர், 1989 டிசம்பர் வரை 26 பருவங்கள் ஓடியது. இந்தக் காலத்தில் அதற்கு ஒன்பது தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். கடைசியாக வந்த ஜான் நேத்தன்-டர்னர் 1980இல் பொறுப்பேற்று இறுதிவரை நீடித்தார். தொடரின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இவர்களின் ரசனையை வைத்தே அதைப் பிரிக்கிறார்கள். ஒருவர் காலம் பொற்காலம், இன்னொருவர் காலம் வீழ்ச்சி. ரசனைக்கு இதில் பங்கில்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த வேலையில் ஒரு நாள் எதனால் நிரம்பியது, அது எப்படி மாறியது என்று கவனித்தால், 1980களின் வீழ்ச்சியில் பெரும் பங்கு தனிமனிதரைவிட நிறுவனத்தையே சேரும் என்பது தெளிவாகும்.

முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லம்பர்ட் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 27. போட்ட பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. பிபிசியின் சம்பளத்தில் இருந்தவர். முதல் பருவத்துக்கு மட்டும் 42 எபிசோடுகள், ஏறக்குறைய வாரம் ஒன்று. வாரத்தின் முதல் நாட்களில் ஒத்திகை, வெள்ளிக்கிழமை லைம் குரோவ் ஸ்டூடியோவில் பதிவு. அக்காலத்தில் ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவும் சிரமமும் மிகுந்த காரியம் என்பதால், மேடை நாடகம் போல ஏறத்தாழ ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். ஆகவே தயாரிப்பாளர் தன் கருத்தைச் சொல்ல வேண்டிய இடம் ஒத்திகைக் கூடம்தான்; பதிவான பிறகு பெரிதாகத் திருத்த வழியில்லை. இந்த வாரச் சுழற்சிக்குள்ளேயே அடுத்த கதையின் அரங்கம், அதற்கடுத்த கதையின் எழுத்து, நடிகர் ஒப்பந்தம், செலவுக் கணக்கு எல்லாம் ஓடின. ஆனால் லம்பர்ட் தனியாக இல்லை. எழுத்தைக் கவனிக்கக் கதைத் திருத்துநர் டேவிட் விட்டேக்கர், தொழில்நுட்பத்துக்கு மெர்வின் பின்ஃபீல்ட், மேலே நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன். லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் இயக்கிய முதல் எபிசோடை நியூமன் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். மேலிடம் குறுக்கிட்டது உண்மை. அந்தக் குறுக்கீட்டில் அக்கறையும் இருந்தது. தாலெக் என்ற வேற்றுக்கிரக எதிரிகள் வரும் கதையை மேலதிகாரிகள் விரும்பாதபோது, கையில் தயாராக இருப்பது அது ஒன்றுதான் என்று லம்பர்ட் உறுதியாக நின்றார். தொடரை மக்களிடம் கொண்டுசேர்த்ததும் அந்தக் கதைதான்.

1970இல் வண்ணம் வந்தது. பருவத்துக்கு நாற்பதுக்கு மேல் இருந்த எபிசோடுகள் 25 ஆகக் குறைந்தன. பதிவும் மெல்ல வாரக்கணக்கிலிருந்து விலகி, சேர்ந்தாற்போல் சில நாட்கள் ஸ்டூடியோவை எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறியது. காட்சிகளை வரிசை மாற்றி எடுக்கவும் பிறகு தொகுக்கவும் முடிந்தது. இதனால் வேலை குறைந்தது என்று நினைத்தால் தவறு. பதிவுக்கு முன்னே முடிவெடுக்க வேண்டியவை பெருகின, பதிவுக்குப் பின்னே தொகுப்பறை நேரமும் சேர்ந்தது. இரவு பத்து மணிக்கு ஸ்டூடியோ விளக்குகள் அணைந்துவிடும் என்ற கெடுபிடி மட்டும் மாறவில்லை. பிரிட்டனில் விலைவாசி உயர்வு 1975இல் 24 விழுக்காட்டைத் தொட்டபோது, ஒதுக்கிய தொகை ஆண்டு முடிவதற்குள் மதிப்பிழந்தது. 1979இல் தொழில் தகராறு காரணமாக ‘ஷாடா’ என்ற கதையின் படப்பிடிப்பு பாதியில் கைவிடப்பட்டது. அன்றைய தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸின் ரசனையை எவ்வளவு அலசினாலும் இதற்கு விடை கிடைக்காது.

நேத்தன்-டர்னர் கீழிருந்து வந்தவர். அதே தொடரில் தள உதவியாளராகவும், பின்னர் செலவுகளைக் கவனிக்கும் தயாரிப்புப் பிரிவு மேலாளராகவும் வேலை பார்த்தவர். அவருடைய முதல் பருவத்தில் முன்னாள் தயாரிப்பாளர் பேரி லெட்ஸ் மேற்பார்வைக்கு இருந்தார். அதற்குப் பின் அந்த இடத்துக்கு யாரும் நியமிக்கப்படவில்லை. ரசிகர் மாநாடு, பத்திரிகைப் பேட்டி, வெளிநாட்டுப் பயணம் என்று பழைய தயாரிப்பாளர்களுக்கு இல்லாத புது வேலைகளும் வந்து சேர்ந்தன. 1985இல் பிபிசி தொடரைப் பதினெட்டு மாதங்கள் நிறுத்திவைத்தது. திரும்பி வந்தபோது 25 நிமிட அளவில் பதினான்கு எபிசோடுகளே கிடைத்தன. 1986 பருவத்தின் கடைசிக் கதையை முடிக்குமுன் எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸ் இறந்துபோனார். கதைத் திருத்துநர் எரிக் சாவர்ட் எழுதிய முடிவில் தயாரிப்பாளருக்கு உடன்பாடில்லை. சாவர்ட் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறினார். உரிமைச் சிக்கல் வரக்கூடாது என்பதால், அந்தப் பழைய முடிவு என்னவென்று சொல்லாமலே வேறு இருவரைக் கொண்டு சில நாட்களில் புதிதாக எழுதவைக்க வேண்டியிருந்தது. கணக்கிலும் நிர்வாகத்திலும் தேர்ந்த ஒருவர் மேல், எழுத்து நெருக்கடி முழுவதும் வந்து விழுந்த நாட்கள் அவை.

இதே நாற்காலியில் 1974 முதல் 1977 வரை இருந்த பிலிப் ஹின்ச்கிளிஃப் சிறந்த கதைகளைத் தரவில்லையா என்ற கேள்வி நியாயமானது. தந்தார். ஆனால் அவர் இருந்தது மூன்று பருவங்கள். பக்கத்தில் கதைத் திருத்துநராக அதே ராபர்ட் ஹோம்ஸ். வன்முறை மிகுதி என்று தொலைக்காட்சி ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி ஒயிட்ஹவுஸ் தொடுத்த கண்டனத்துக்குப் பின் ஹின்ச்கிளிஃபை வேறு தொடருக்கு மாற்றினார்கள். அந்த இடமாற்றம் சரியோ தவறோ, பிபிசி இந்தத் தொடரைக் கவனித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அது சான்று. நேத்தன்-டர்னரின் தேர்வுகளில் பிழைகள் இருந்தன என்ற வாதத்தையும் மறுப்பதற்கில்லை. நாயகன் டாக்டராக ஆறாவதாக வந்த நடிகருக்குத் தந்த பலவண்ண உடையைப் பலரும் குறை சொன்னார்கள், காரணத்தோடுதான். ஆனால் அவர் விலக விரும்பியும் மாற்று ஆளைத் தேடாமல், தொடரை விரும்பாத மேலதிகாரிகள் அவரையே தொடரவிட்டார்கள். எழுத்துக்குப் பொறுப்பானவரும் காசைக் காப்பவரும் வெளியுலகுக்கு முகமும் ஒருவரே என்றால், எவருடைய ரசனையும் சில ஆண்டுகளில் வறண்டுவிடும்.

2005இல் கார்டிஃபில் தொடர் மீண்டும் உயிர்பெற்றபோது அந்த நாற்காலி பிரிக்கப்பட்டது. தலைமை எழுத்தாளர் ரஸ்ஸல் டி. டேவிஸும் ஜூலி கார்ட்னரும் நிர்வாகத் தயாரிப்பாளர்கள். அன்றாடப் படப்பிடிப்பைக் கவனிக்கும் தயாரிப்பாளர் ஃபில் காலின்சன். முதல் பருவம் 45 நிமிட அளவில் 13 எபிசோடுகள். 1980களில் ஒருவர் சுமந்ததை இங்கே குறைந்தது மூவர் பகிர்ந்துகொண்டார்கள். நேத்தன்-டர்னரின் ஒன்பது பருவங்களை எடைபோட வருபவர்கள், அவருக்கு மேலே காலியாகவே விடப்பட்ட இடத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.